இடிந்த சர்ச் முன் எடுத்த படம்

புருஷன், பெண்டாட்டி, ஒரு சின்னப் பிள்ளை. தனுஷ்கோடியில் இடிந்த சர்ச் சுவர் முன் நிற்க வைத்து ஒருவர் படம் எடுத்தார். எங்கள் சங்குக் கடையிலிருந்து பார்த்தேன்.

எனக்கு ஆறு வயதில் அதே சுவர் முன் அய்யா, அம்மா, நான் நின்றோம். சுற்றிலும் கருவாட்டு வாடை. ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிறவர் கேமராவைத் தூக்கியதும் அய்யா விலகினார்.

"மூணு பேரா நின்னு எடுத்தா ஆகாதுண்ணே."

அம்மா நிறைமாத வயிற்றில் கை வைத்துச் சிரித்தாள். "உங்களுக்கு எண்ணத் தெரியாதா? நாலு பேரு நிக்கிறோம். இங்கன வாங்க."

படம் தபாலில் வருவதற்குள் அம்மா பிரசவத்தில் போய்விட்டாள். தம்பி அவளைப் பார்த்ததில்லை.

அந்தப் படம் கடையில் தொங்குகிறது. இன்று அந்தக் குடும்பத்தைப் படம் எடுத்தவர் சங்கு வாங்க வந்தபோது, "இந்த மூணு பேரும் யாரு?" என்று கேட்டார்.

தம்பிதான் பதில் சொன்னான்.

"நாலு பேரு."