வெர்லா வீட்டுக்கு யார் சாப்பாடு கொண்டுபோவது

எங்கள் சான்பீட் பள்ளத்தாக்கில் வெர்லா ஜெப்சன் ரொட்டி சுடும் நாளில் தெரு நாய்கள் எல்லாம் அவள் வீட்டு வேலியோரம் வரிசையாக உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ளும். ஜெபம் செய்கின்றன என்பார் எங்கள் ஊர்ச் சபையை நடத்தும் பிஷப். நானும் பார்த்திருக்கிறேன். ஒரு நாய் கண்ணைக்கூட மூடியிருந்தது.

ஐந்து பையன்கள், கடைக்குட்டியாக டானெட் என்று ஒரு பெண், டெல்லிஸ் என்ற சாதுவான கணவர், கொட்டகை நிறைய மாடுகள். அத்தனையையும் வெர்லா ஒரு கையால் சமாளித்தாள். இன்னொரு கை ஊருக்கு. யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் சாவு, யாருக்குக் கால் முறிந்தது என்று விசாரித்து, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று அந்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்ப ஏற்பாடு செய்வது சபைப் பெண்கள் சங்கத்தில் அவள் பொறுப்பு. ஆள் கிடைக்காவிட்டால் தானே கொண்டுபோவாள். ஆள் கிடைத்தாலும் கொண்டுபோவாள்.

இங்கே சாப்பாடு வந்த தட்டை யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டோம். நாலு பிஸ்கட்டாவது வைத்துத்தான் கொடுப்போம். மற்றவர்களிடம் அதோடு கணக்கு முடிந்துவிடும். வெர்லாவிடம் முடியாது. நாலு பிஸ்கட் வைத்தால் மறுநாள் உங்கள் வாசலில் ஒரு முழு ஆப்பிள் கேக் உட்கார்ந்திருக்கும். எங்கள் சங்கத்து ஆர்டித் ஒரு வருஷம் விடாமல் பதிலுக்குப் பதில் செய்து பார்த்தாள். அவள் கணவர் பெருத்துப்போய், டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் போன பிறகுதான் தோற்றதாக ஒப்புக்கொண்டாள்.

அந்த வெர்லா வீட்டுக்கு நாங்கள் யாரும் ஒருநாளும் சாப்பாடு கொண்டுபோனதில்லை. விட்டால்தானே. டானெட் பிறந்தபோதுகூடப் பேறுகாலத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே சமைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இதில் அதிகம் நொந்துபோனவள் பக்கத்து வீட்டு லாரீ. அவள் கணவர் பாய்ட் முதுகு ஒடிந்து படுத்த குளிர்காலம் முழுவதும் அவர்கள் சாப்பிட்டது வெர்லாவின் சமையல்தான். லாரீக்கு மனசு பெரியது, சமையல் வராது. வெர்லாவின் தட்டுகள் அவள் குளிர்பெட்டியின் மேல் கோபுரமாக நின்றன.

"காலியா எப்படி சிஸ்டர் குடுக்கிறது?" என்று ஒருநாள் என்னிடம் புலம்பினாள்; எங்கள் சபையில் எல்லோரும் சிஸ்டர், பிரதர்தான். "எதையாவது வெச்சுக் குடுத்தா, அவங்க இன்னும் ரெண்டு தட்டு அனுப்பிருவாங்க. ஒரே ஒரு தடவை அவங்களுக்கு லேசா ஏதாவது ஆகாதான்னு இருக்கு."

"அடிப்பாவி. ஜெபத்துலயே கேட்டுட்டியா?"

"சேச்சே. கேக்கல. நெனச்சேன், அவ்வளவுதான்."

நினைத்தது எங்கே போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை வெர்லா விழுந்தாள்.

சபை சொன்னபடி, ஆபத்துக்காலத்துக்கு என்று எங்கள் வீடுகளில் எல்லாம் நிலவறையில் ஒரு வருஷத்துக்கான உணவு சேர்த்து வைத்திருப்போம். வெர்லா வைத்திருந்ததைக் கொண்டு ஒரு பட்டாளத்தையே உட்காரவைத்துச் சாப்பாடு போடலாம். பழைய கோதுமையை முன்னுக்கு எடுத்துப் புதியதைப் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்று கோதுமை டின்களின் மேலேயே ஏறி நின்றிருக்கிறாள். டின்கள் உருண்டன. வலது கை முறிந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. யார் வீட்டுக்கு யார் சாப்பாடு கொண்டுபோவது என்று யாரைக் கேட்க வேண்டும்? வெர்லாவைத்தான். ஆகவே ஊரே வெர்லாவைக் கேட்டது.

"சிஸ்டர் ஜெப்சன், இன்னைக்கு நான் சமைச்சுக் கொண்டாரட்டுமா?" என்றாள் ஆர்டித்.

"லாரீ கொண்டுவர்றா, ஆர்டித். ஏற்கெனவே பேசியாச்சு."

அடுத்து லாரீ கூப்பிட்டாள். குரலில் அடக்க முடியாத சந்தோஷம்.

"ஆர்டித் முந்திக்கிட்டாங்களே, லாரீ. நீ சிரமப்படாதே."

எனக்குப் பிஷப் மனைவியின் பெயரைச் சொன்னாள். பிஷப் மனைவிக்கு என் பெயரை. பிறந்ததிலிருந்து பொய்யே பேசாதவள், ஒரு சாயங்காலத்தில் மொத்தத்தையும் ஈடுகட்டிவிட்டாள்.

அதனால் ஒருவரும் போகவில்லை. ஃப்ரீசரில் இருந்த கடைசிப் பாத்திரத்தை முந்தின நாள்தான் ஒரு சாவு வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வருஷத்துச் சாப்பாடு, மேலே சமைக்க ஆள் இல்லை. டெல்லிஸ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கோதுமையை அப்படியே வேகவைத்தார். சனிக்கிழமையும் அதையே சுடவைத்துப் போட்டார். அந்த மணிகளை வேட்டைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் வாத்து விழுந்திருக்கும். பந்தியில் ஜெபம் சொல்லும் முறை பெரிய பையனுக்கு. "இந்தச் சாப்பாடு எங்களுக்குக் கெடுதல் எதுவும் செய்யாம இருக்கணும்" என்று மனமுருக வேண்டிக்கொண்டானாம்.

ஞாயிறு உபவாச ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு பெரியவர்கள் இரண்டு வேளை சாப்பிடாமல் இருப்போம். சபையில் யார் வேண்டுமானாலும் மேடைக்குப் போய்த் தன் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்லலாம். டானெட்டுக்கு அப்போது ஐந்து வயது. விறுவிறு என்று போய் ஒலிவாங்கிக்குக் கீழே நின்றாள். தெரிந்தது நெற்றி மட்டும்தான்.

"இந்தச் சபை உண்மைன்னு எனக்குத் தெரியும்," என்று எல்லாக் குழந்தைகளும் சொல்வதைத்தான் தொடங்கினாள். "எங்க அம்மா அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உபவாசமும் பிடிக்கும். எங்க வீட்டுல வெள்ளிக்கிழமையிலேர்ந்தே உபவாசம். இன்னைக்கு அப்பா சமைக்கல. அதுக்காக ஸ்தோத்திரம். ஆமென்."

லாரீ இருந்த இடத்திலேயே எழுந்துவிட்டாள்.

"ஆர்டித், நீங்க கொண்டுபோகலியா?"

"நானா? நீ கொண்டுபோறேன்னுல்ல சொன்னாங்க."

நான் பிஷப் மனைவியைப் பார்த்தேன். பிஷப் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு சபை மொத்தமும் வெர்லாவைப் பார்த்தது. அவள் தன் கை மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது இரண்டும் பீட்ரூட்.

"சாட்சி சொல்றவங்க மேடைக்கு வந்து சொல்லலாம்," என்றார் பிஷப். பாவம், அவருக்குச் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் உபவாசம் முடிகிற நேரத்துக்கு வெர்லா வீட்டு வாசலிலிருந்து பெரிய சாலை வரைக்கும் பாத்திரங்கள் நின்றன. உருளைக்கிழங்கு சுட்டது மட்டும் எத்தனை பேர் கொண்டுவந்தார்கள் என்று கேட்காதீர்கள். ஆவியில் அந்தப் பக்க மலை மறைந்துபோனது. எல்லாவற்றையும் டெல்லிஸ்தான் வாங்கி வைத்தார். வெர்லா உள்ளறையை விட்டு வரவில்லை.

கடைசியில் லாரீ வந்தாள். குழந்தைகள் இழுத்து விளையாடும் சிவப்பு வண்டியில் வெர்லாவின் தட்டுகள் அத்தனையும். மேலே மூடி போட்ட ஒரு பாத்திரம். டெல்லிஸ் கையை நீட்டினார். அவள் தரவில்லை.

"அவங்க வரட்டும் பிரதர். நான் நிக்கிறேன்."

வெர்லா வந்தாள்.

"இதெல்லாம் உங்களுது, காலி," என்றாள் லாரீ. "இது என்னுது. அடி கொஞ்சம் பிடிச்சிருச்சு."

வெர்லா மூடியைத் தூக்கினாள். "மேலயும் பிடிச்சிருக்கு போலயே."

"மேலயுந்தான்."

"நீ எதுக்கு லாரீ இவ்வளவு சிரமப்பட்டு? உங்க வீட்டுலயே..."

"சிஸ்டர்." லாரீ பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "ஒரு குளிர்காலம் பூரா நீங்க என் வாசல்ல நின்னீங்க. எனக்கும் ஒரு தடவை உங்க வாசல்ல தட்டோட நிக்கணும். வாங்குறவளாவே செத்துப்போகச் சொல்றீங்களா?"

வெர்லா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். வழக்கமில்லாத இடது கையால் தின்றாள். பாதி மடியில் விழுந்தது. லாரீ ஒரு துண்டை எடுத்து, கைக்குழந்தைக்குக் கட்டுவதுபோல அவள் கழுத்தில் கட்டிவிட்டாள். வெர்லா தடுக்கவில்லை.

"நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் வை," என்றாள்.

வெள்ளிக்கிழமைப் பொய்களுக்காக அவள் பிஷப்பிடம் போய் அழுதது எனக்குத் தெரியும். இந்த 'நல்லாருக்கு'ப் பொய்யையும் சொன்னாளா என்று தெரியாது. சொல்லியிருந்தாலும் அவர் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். அந்தப் பாத்திரத்தை நானும் ருசி பார்த்தேன்.

மறுநாள் டெல்லிஸ் அதைத் தேய்த்துக் கழுவினார். திருப்பிக் கொடுக்க டானெட் வாசலில் காத்திருந்தாள். மேசை நிறைய ஊர் கொடுத்த கேக்குகள். வெர்லா ஒரு துண்டை எடுத்துப் பாத்திரத்தில் வைத்தாள். பார்த்தாள். திரும்ப எடுத்துவிட்டாள்.

"அப்படியே கொண்டுபோய்க் குடு."

"காலியாவாம்மா?"

"காலியாத்தான்."

லாரீ அந்தப் பாத்திரத்தை அடுக்களையில் வைக்கவில்லை. முன்னறைச் சுவரில் நாங்கள் எல்லோரும் ஆலயத்தின் படம் மாட்டியிருப்போமே, அதற்குக் கீழே வைத்திருக்கிறாள். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள். உள்ளே ஒன்றும் இருக்காது. அடியில் கருகியது மட்டும் டெல்லிஸ் தேய்த்தும் போகாமல் அப்படியே இருக்கிறது.