அறுபது பேர்

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஆளும் இல்லை, அப்பன் ஆத்தாள் வைத்த பெயரும் இல்லை. அது ஒரு நாள் வேலை. சொன்ன றாத்தல் தேயிலைக் கொழுந்தை எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் பிந்தி வந்தால் பேரே கிடையாது, வந்த வழியே லயத்து வரிசை வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். “இந்த மாசம் எத்தன பேரு?” என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், வீட்டில் எத்தனை உருப்படி என்று விசாரிப்பதாக வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்வான். அவள் கேட்பது அந்தப் பேர்களுக்குக் கிடைக்கும் அரிசியைப் பற்றி.

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கராக இருந்த வியாகுலத்தின் வாழ்க்கை இந்த ஒரு சொல்லில்தான் கவிழ்ந்தது. கவிழ்ந்தது என்று சொன்னால் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வருடங்களில் அவனுக்கு உத்தியோகம் உயர்ந்தது, வீட்டுக்கு ரேடியோ வந்தது.

அவனைப் படிக்க வைத்தது அக்கா அந்தோனியம்மா. அப்பன் முகம் அவனுக்கு ஞாபகம் இல்லை. அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அக்காவைக் கட்டியவனும் வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். அவள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, தம்பியை ஹட்டனில் சாமிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்து, எஸ்.எஸ்.சி. வரை உந்தித் தள்ளினாள். லயத்துப் பிள்ளை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த அன்று, லயம் முழுக்கச் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தாள். பெரிய கிளாக்கர் வீட்டுக்கு ஒரு சேவலும் போயிற்று.

கணக்கு என்றால் வியாகுலத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம். கூட்டல் கழித்தல் இல்லை, அது யாருக்கும் வரும். ஒன்று அசைந்தால் இன்னொன்று எப்படி அசைகிறது என்ற கணக்குத்தான் அவனுக்குப் பைத்தியம். பகல் சாப்பாட்டு நேரத்தில் பேக்டரிக்குப் போய் எஞ்சின் முன்னால் நின்றுகொள்வான். அதன் தலையில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் வேகம் பிடித்தால் குண்டுகள் விரிந்து மேலே எழும்பி, எண்ணெய் வருகிற வழியைக் குறுக்கிவிடும். வேகம் தானே தணியும். ரொம்பத் தணிந்தால் குண்டுகள் இறங்கி வழியைத் திறந்துவிடும். குண்டுகளை மாட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எஞ்சின் டிரைவரிடம் ஒருநாள் கேட்டான். வெறி பிடித்து ஓடி உடையும், வேறென்ன ஆகும் என்று அவர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்.

ஐம்பத்திரண்டில் தேயிலை விலை விழுந்தது. கொழும்பு ஏலத்தில் போன விலை வாராவாரம் ஆபீசுக்கு வரும். அதைப் பார்த்துத் தோட்டத்தை நடத்தும் துரையின் முகம் சுருங்கும், உடனே ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய றாத்தல் ஏறும். விலையில் போனதை எடையில் பிடித்துவிடலாம் என்பது துரையின் கணக்கு. றாத்தல் ஏறினால் பெண்கள் என்ன செய்வார்கள்? இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ள நேரமில்லை. முற்றல் இலை, காம்பு, கைக்கு அகப்பட்டதெல்லாம் கூடைக்குள் போயிற்று. முற்றல் இலை தூளைக் கெடுத்தது. கெட்ட தூள் ஏலத்தில் இன்னும் மலிவாகப் போயிற்று. துரை றாத்தலை மறுபடியும் ஏற்றினார்.

ஏறின றாத்தலுக்கு அந்தோனியம்மாவின் கை எட்டவில்லை. தேயிலைக் குச்சி குத்திப் பழுத்து ஆறின இரண்டு விரல்கள் அவளுக்கு மடங்காது. முன்பெல்லாம் எப்படியோ முக்கி முனகிக் கணக்கைத் தொட்டுவிடுவாள். இப்போது அன்றாடம் அரைப்பேர்தான். சாயங்காலம் தராசடியில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ‘அரைப்பேரு’ என்று கத்துவார். பக்கத்தில் உட்கார்ந்து செக்றோல் என்கிற பேர்ப் புத்தகத்தில் அதை எழுதுகிறவன் கூடப்பிறந்த தம்பி. எழுதும்போது அவன் தலையை நிமிர்த்த மாட்டான். அவளும் வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அப்படி எழுதிய ஒரு சாயங்காலத்தில்தான் எஞ்சின் அவன் மண்டைக்குள் ஓடத் தொடங்கியது. இந்தத் தோட்டமும் ஒரு எஞ்சின்தானே, குண்டுகளைத் தலைகீழாக மாட்டின எஞ்சின். வழியைக் குறுக்க வேண்டிய நேரத்தில் இது திறந்துவிடுகிறது. விலை விழ விழ, விலையை இன்னும் விழவைக்கிற வேலையையே எல்லாரும் மும்முரமாகச் செய்கிறார்கள். யாரும் முட்டாள் இல்லை. துரைக்குக் கொழும்பின் நெருக்கடி, கங்காணிக்குத் துரையின் நெருக்கடி, கொழுந்தெடுக்கிறவளுக்கு வயிறு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லார் நியாயமும் நியாயம்தான், சேர்த்துப் பார்த்தால் நாசம்.

விலைக்கு ஒரு எழுத்து, றாத்தலுக்கு ஒரு எழுத்து, ஒரு மலைத் தேயிலையை எடுத்து முடித்துத் திரும்பவும் அதே மலைக்கு வர ஆகும் நாட்களுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பேருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டான். எது அசைந்தால் எது அசையும் என்று ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு முடிந்தான். போன வருடங்களின் விளைச்சலையும் விலையையும் போட்டுப் பார்த்தான். பக்கத்துத் தோட்டங்களின் விலையைக் கழித்துவிட்டுப் பார்த்தான். அப்போதுதானே ஊர் முழுக்க ஏறினது எது, நம் கொழுந்தால் ஏறினது எது என்று பிரியும். மனைவி றோசலின் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் திட்டித் தீர்த்தாள். முடிவு அழகாக வந்தது. றாத்தலைக் குறை, வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மலைக்கும் வா, இளங்கொழுந்தாக எடு. தூள் தேறும், விலை பக்கத்துத் தோட்டங்களைத் தாண்டும். பனிக்காலத்தில் கொழுந்து குறையும்போது அதை எடுக்க நாளொன்றுக்கு அறுபது பேர் குறைவாகப் போதும். அந்த அறுபது பேரைச் செடி வெட்டிவிடும் கவ்வாத்துக்கும், தண்ணீர் வடியக் கான் வெட்டுவதற்கும் மாற்றினால் அடுத்த மழைக்குச் செடி தழைக்கும். குறைத்த றாத்தலை அக்காவின் கை தொடும், அவளுக்கு முழுப்பேர் விழும். மெய்யாகச் சொன்னால் இவ்வளவு எழுத்தும் அந்த ஒரு முழுப்பேருக்காகத்தான்.

எல்லாவற்றையும் இங்கிலீசில் எழுதித் துரையிடம் கொடுத்தான். பேர் என்பதற்கு ‘நேம்’ என்றே போட்டான். தோட்டத்து ஆபீஸ்களில் துரைமாரே அப்படித்தான் எழுதுவது வழக்கம், அவனுக்கு அதில் ஒரு யோசனையும் எழவில்லை. துரை இரண்டு தரம் வாசித்தார், புருவத்தை உயர்த்தினார், தோட்டம் பார்க்க வந்த கம்பெனிப் பெரிய துரையிடம் கொடுத்து அனுப்பினார். வியாகுலம் தரையில் கால் பாவாமல் வீட்டுக்குப் போனான். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை, நடந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தான்.

கொழும்புக் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரே மிகத் திறமையாகக் கண்டுபிடித்துக் காட்டியபடி, வெள்ளைப்பாறையில் அறுபது பேர் அதிகம். அவர்களை நிறுத்திவிடவும். றாத்தலைக் குறைப்பது பற்றி ஒரு சொல் இல்லை. கவ்வாத்து என்ற பேச்சே இல்லை. அரைப்பேர் அதிகமாக வாங்குகிறவர்களிலிருந்து தொடங்கலாம் என்று மட்டும் யோசனை சொல்லியிருந்தார்கள்.

வியாகுலம் துரையின் அறைக்கு ஓடினான். உட்காரச் சொல்லும் வழக்கம் இல்லாததால் நின்றுகொண்டே சொன்னான்.

“துரை, அது ஆளுங்க இல்ல. ஒரு நாள் வேலை. அந்த வேலைய கவ்வாத்துக்கு மாத்தணும்னு அடுத்த வரியிலேயே எழுதியிருக்கேன்.”

துரை தோட்டத்துத் தமிழ் நன்றாகவே பேசுவார். “பேருன்னா என்னன்னு எனக்குத் தெரியும், கிளாக்கர். கொழும்புல தெரியாது. ஆனா அவங்களுக்கு இப்பிடிப் படிக்கத்தான் புடிச்சிருக்கு.”

பிழையைத் திருத்தி எழுதலாமே என்று கேட்டான். எழுதினால் பிழை போகும், அறுபது போகாது, வேறு காரணம் சொல்லிக் கேட்பார்கள் என்றார் துரை. பட்டியலையும் அவனையே எழுதச் சொன்னார். கணக்குப் போட்டவனுக்குத்தான் ஒழுங்காக வரும் என்று முதுகில் தட்டாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

அரைப்பேர் வரிசையில் அந்தோனியம்மா மேலேயே வந்தாள். அவளை விட்டுவிட்டு எழுதலாம் என்று பேனாவைத் தூக்கினான். அடுத்து வருகிறவள் பேச்சியம்மா, இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகப் பிள்ளைகளோடு நிற்கிறவள். கிளாக்கர் தன் அக்காவை ஒளித்துவிட்டான் என்று கங்காணிமார் லயத்துக்கு லயம் சொல்வார்கள். அதனால் விதிப்படியே எழுதினான். அக்காவின் பெயரைத் துரையிடம் காட்டி, அவர் கையாலேயே வெட்டவைத்துவிடலாம் என்பது அவன் நம்பிக்கை. துரை பட்டியலை வாசிக்கவில்லை. நேரே அடியில் கையெழுத்துப் போட்டார்.

“அதுல ஒன்னு என் அக்காங்க, துரை.”

“ஒன் கணக்குல அக்காவுக்கு ஒரு எழுத்து வச்சிருக்கியா?” என்று கேட்டுவிட்டுத் துரை தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கெட்ட எண்ணத்தில் சொன்னதுகூட இல்லை, ஏதோ வேடிக்கை என்று நினைத்துத்தான் சொன்னார். இந்த மனிதர்களின் வேடிக்கை எவன் தலையில் விழுகிறது என்று அவர்கள் என்றைக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்?

மறுநாள் பெரட்டில் கண்டாக்கு பட்டியலை வாசித்தார். அந்தோனியம்மா கூடையைக் கழற்றிக் கங்காணியிடம் ஒப்படைத்துவிட்டு, நேராகத் தம்பியின் குவாட்டர்ஸுக்கு வந்து பின்கதவில் நின்றாள். முன்கதவால் அவள் ஒருநாளும் வந்ததில்லை, தம்பியின் மரியாதை கெட்டுவிடுமாம்.

“நீ எழுதுனதா தம்பி?”

“கணக்கு அப்பிடி வந்துருச்சுக்கா.”

“கணக்கு வந்துச்சு, சரி. நீ எங்க போயிருந்தே?”

அவன் பேரையும் ஆளையும் விளக்கத் தொடங்கினான். கொழும்பு படித்த விதம், துரை சொன்ன பதில், எஞ்சினின் குண்டுகள் எல்லாம் வந்தன. அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில், கொடியில் காய்ந்த றோசலினின் சேலை மழையில் நனைகிறதென்று எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும். மாதம் முடிவதற்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். எங்களோடு இருந்துகொள்ளுங்கள் அண்ணி என்று றோசலின் அழுதாள். நிறுத்தப்பட்டவர்களைத் தோட்டத்துக்குள் வைத்திருந்தால் கிளாக்கர் வேலையும் போகும் என்று ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் பேசிப் பார்த்தார்கள், அரசாங்கத்தின் தொழில் கந்தோருக்கு அலைந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. வெட்டுப்பட்டவர்களில் சிலர் டிக்கோயாப் பக்கம் சொந்தக்காரர்களிடம் ஒண்டிக்கொண்டார்கள். அந்தோனியம்மாவுக்கு அப்படி யாரும் இல்லை. இந்தியாவில் மணப்பாறைக்குப் பக்கத்தில் செத்துப்போன புருசனின் தம்பி குடும்பம் இருந்தது, அவள் கண்ணால் கண்டதில்லை. பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மலையில். ஆனால் நாற்பத்தெட்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி அவள் இந்த நாட்டுக்காரியும் இல்லை. போ என்று சொல்ல மட்டும் எல்லாருக்கும் உரிமை இருந்தது.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு அவனே கூட்டிக்கொண்டு போனான். மூட்டையைத் தூக்கப் போனவனிடம் அவள் கொடுக்கவில்லை. ரயில் வரும்வரை றோசலினின் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றி, கோழிக்கூட்டின் ஓட்டையைப் பற்றிப் பேசினாள். ஏறி உட்கார்ந்த பிறகு அவன் பக்கம் பார்க்கவில்லை. அவன் ரயில் மறைந்த பிறகும் நின்றான், அழுகை வரவில்லை, தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஐம்பத்துநான்கில் விலை ஏறியது. உலகம் முழுக்க ஏறியது. காம்பும் குப்பையுமாக அரைத்துத் தள்ளின பக்கத்துத் தோட்டத்துத் தூளுக்கும் ஏறியது. பக்கத்துத் தோட்டங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வெள்ளைப்பாறைக்கு ஒரு சதம்கூடத் தேறவில்லை. எப்படித் தேறும், றாத்தல்தான் குறையவே இல்லையே. வியாகுலம் சொன்ன வைத்தியத்தை ஒருவரும் செய்து பார்க்கவில்லை, நோயாளியின் காலை மட்டும் வெட்டியிருந்தார்கள். அதையும் விளக்கிப் பார்த்தான். விலை ஏறினது அவன் கணக்கால்தான் என்று நம்பின கொழும்பு அவனுடைய அடக்கத்தைப் பாராட்டி, பெரிய கிளாக்கராக்கியது.

விலை ஏறினதும் கொழுந்தெடுக்க ஆள் போதவில்லை. செக்றோலில் பெயரில்லாத கைக்காசு ஆட்களை வெளியிலிருந்து பிடித்தார்கள். அக்காவைத் திரும்பக் கூப்பிடலாமா என்று வியாகுலம் கந்தோர் கந்தோராக ஏறினான். அவள் எந்த நாட்டுக்காரி என்று கேட்டார்கள். நீ எந்த நாட்டுக்காரன் என்றும் கேட்டார்கள். அதற்கு அவன் எழுதிப்போட்ட விண்ணப்பமே பதில் இல்லாமல் கிடந்தது. பத்து வருடம் இப்படியே ஓடிற்று. அக்காவுக்குக் கண் மங்குகிறதாம், ஒரு தரம் தம்பியைப் பார்க்க வேண்டுமாம் என்று மணப்பாறையிலிருந்து யாரோ எழுதினார்கள்.

அறுபத்துநான்கில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து மலையகத்து ஜனங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு. கம்பெனிக்கு அவசரம் பிடித்தது. இந்தியாவுக்கு அனுப்புவதென்றால் தன் தோட்டங்கள் ஒவ்வொன்றும் எத்தனை பேர் இல்லாமல் ஓடும் என்று தெரியவேண்டும். பழைய கிளாக்கர் ஞாபகம் வந்து, வியாகுலத்தைக் கொழும்புக்கு வரவழைத்து நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவன் பிரஜாவுரிமைக்கும் அக்காள் வந்து பார்த்துப் போவதற்கும் கம்பெனி சிபாரிசு செய்யுமாம். நாற்காலியில் உட்கார்ந்தவன் கொஞ்ச நேரம் பேனாவைத் திறக்கவில்லை. பிறகு திறந்தான்.

பூண்டுலோயாவிலிருந்து டிக்கோயா வரை தோட்டம் தோட்டமாக எழுதினான். பேர் என்ற சொல்லை ஓரிடத்திலும் போடவில்லை. ஆள் என்று தெளிவாகப் போட்டான். அந்தோனியம்மா வரவில்லை, சிபாரிசு எழுதியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். பட்டியல்கள் தோட்டங்களுக்குப் போயின. இந்தத் தடவை ஒருவரும் தப்பாகப் படிக்கவில்லை.