மூலை இல்லாத கருவறை

மாடம்பாக்கம் சிவன் கோயிலில் நேற்று வௌவால் நாற்றம் மூக்கில் ஏறியதும் பத்து வயதில் போய் நின்றேன்.

அப்பா செத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பூஜையில் செய்த பிழைக்காகக் கபில முனிவர் பசுவாகப் பிறந்து, இங்கே லிங்கத்தின்மேல் பால் சொரிந்த கதையைக் குருக்கள் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் அண்ணியான பெரியம்மா என் அம்மா மரகதத்தைக் கைகாட்டினாள்.

"இது இன்னா பாவம் பண்ணிச்சோ, எங்க வூட்டுப் புள்ளைய முழுங்கிட்டு நிக்குது."

அம்மா அழுவதற்காகக் கருவறைக்குப் பின்னால் ஓடினாள். யானை முதுகுபோல் வளைந்த சுவர் அது. ஒளிய ஒரு மூலைகூட இல்லை. பிராகாரம் சுற்றியவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

நேற்று அங்கேயே பெரியம்மா தடுமாறிக்கொண்டிருந்தாள். "கண்ணு தெரியல, கொஞ்சம் கை குடும்மா. யாரு நீ?"

"மரகதத்தோட பொண்ணு" என்றேன். கை கொடுக்கவில்லை.