பள்ளிவாசலைக் கோணல் என்று சொன்ன நான்

இன்று இரவும் பகலும் சமமாம். காலையிலிருந்து ஃபேஸ்புக் முழுக்க அதுதான்.

எண்பதுகளில், சாய்ந்தமருதில் நான் புதிதாக விஞ்ஞானம் படிப்பித்த காலம். இந்த நாளில் சூரியன் நேர் மேற்கில் மறையும் என்பதால், மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் பள்ளிவாசல் முற்றத்தில் கம்பு நட்டேன். நிழல் ஒரு பக்கம், சுவர் இன்னொரு பக்கம்.

"மோதினார், பள்ளியக் கோணலாக் கட்டிக் கிடக்கு!"

பாங்கு சொல்லும் மோதினார் அசரவில்லை. "மேற்கு நேராத்தான் கிடக்கு சேர். பள்ளி பாக்கிறது மக்காவ. அது கொஞ்சம் வடக்கால எலுவா?"

அன்று காலையிலேயே, உதித்த சூரியனுக்கு முதுகு காட்டி நேர் மேற்காக வீட்டுத் தொழுகைப் பாய்களையெல்லாம் திருப்பிப் போட்டிருந்தேன்.

இன்று லுஹர் தொழுகைக்கும் மனைவி கேட்டாள்: "சேர், பாய எந்தப் பக்கமா விரிக்கிற?"

உங்கள் வீட்டிலும் நாற்பது வருடமாக மறக்காத ஆள் உண்டா?