‘வரமாட்டேன்’ என்று அமுக்கியவர்கள்

இம்மானுவேல் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டு இரண்டு வாரமாகிவிட்டது. கணினித் திரைகளை வடிவமைக்கப் பழகுகிறவர்கள் படிக்க வேண்டிய ஆறு புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. அவன் நடத்தும் பயிற்சி நிலையத்தின் கையேட்டில் போடத்தான். ஆரப்பாளையத்துச் சின்ன கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாக அதே வேலை பார்க்கும் அழகுராஜாவுக்கு அது அரை மணி நேரச் சோலி.

“அண்ணே, நீங்க படிச்ச புஸ்தகத்த அடுக்குனா வண்டியூர் தெப்பக்குளத்துல கால் நனையாம மைய மண்டபத்துக்குப் போயிரலாம். ரெண்டு வரிக்கு இம்புட்டு இழுக்குறீகளே,” என்றான் இம்மானுவேல் போனில்.

“நாளைக்குத் தாரேன்.”

“எந்த வருசத்து நாளைக்குண்ணே?”

மூன்று புத்தகங்களுக்கு அழகுராஜா எழுதிவிட்டான். நான்காவதில் கை நின்றுபோனது. அந்தப் புத்தகம் முழுக்கச் சொல்வது ஒன்றைத்தான்: ஒரே இடத்தில் பலபேர் தவறாக அமுக்கினால் ஆட்களைக் குறை சொல்லாதே, உன் திரையைப் பார். கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்கள் கையில் அவன் முதலில் கொடுப்பதும் அதுதான்.

அவனுடைய அக்கா முனீஸ்வரி இறந்து ஏழு மாதம். மார்புப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து தெளிவாக வீடு திரும்பியவள். கிளம்பும் அன்று, ஆஸ்பத்திரி வாசலையொட்டி நின்ற தொடுதிரை கேட்டது: ‘பரிசோதனைக்கு மீண்டும் வருவீர்களா?’ கீழே இரண்டு பொத்தான்கள். அக்கா வீட்டுக்காரர் உக்கிரபாண்டி ‘வரமாட்டேன்’ என்பதை அமுக்கினார். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது திரும்ப வருகிறேன் என்று யார் வாயால் சொல்வார்கள்? தேதி வந்ததும் போன் செய்வோம் என்று நர்சு சொல்லியிருந்ததால் இருவரும் போனுக்குக் காத்திருந்தார்கள். அந்தத் திரையோ, வரமாட்டேன் என்றவர்களையெல்லாம் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டவர்கள் என்று எழுதிக்கொண்டது. போன் வரவேயில்லை. எட்டு மாதம் கழித்து முதுகுவலி என்று போனபோது நோய் எலும்புக்கு இறங்கியிருந்தது. நீங்கள்தானே வரமாட்டேன் என்று அமுக்கினீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

“என் கையாலதான் மாப்ள அவள அனுப்பி வச்சேன்,” என்றார் உக்கிரபாண்டி, கருமாதி அன்று. பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். உரக்கடையைப் பாதி நாள் திறப்பதில்லை.

அந்தத் திரையைச் செய்தவன் அழகுராஜா. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துவிட்டு எழும்போது ‘கெளம்புறேன்’ என்று மட்டுமே சொல்லிப் பழகியவன். ஆனால் கேள்வியை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழாக்கினான். பத்துப் பேரில் நாலு பேர் ‘வரமாட்டேன்’ என்கிறார்கள் என்று மாத அறிக்கை வந்தபோது ‘வருவேன்’ பொத்தானைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான். இதைச் சொன்னால் அக்காவோடு அக்கா வீடும் போய்விடும் என்று பயந்து ஏழு மாதம் வாய் திறக்கவில்லை.

நான்காவது புத்தகத்துக்கு எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் போனான்.

உக்கிரபாண்டி கடையில் உர மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். “வா மாப்ள. சாப்பிட்டியா?”

“மச்சான், ஆஸ்பத்திரியில நீங்க அமுக்குனீங்கள்ல, அந்தத் திரை நான் செஞ்சது.”

அவர் மடியிலிருந்த கணக்கு நோட்டை மூடினார்.

“கேள்வியே தப்பு. பத்துக்கு நாலு பேரு உங்கள மாதிரிதான் அமுக்கியிருக்காங்க. எனக்கு அப்பவே தெரியும். உங்க மேல தப்பில்ல.”

யூரியா கேட்டு ஒருவர் வந்தார். அவரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டு உக்கிரபாண்டி திரும்பினார்.

“கருமாதியில எம்பக்கத்துலதான உக்காந்திருந்த?”

“ஆமா மச்சான்.”

“நான் பொலம்புனதக் கேட்டுக்கிட்டே.”

உக்கிரபாண்டி மூட்டையைவிட்டு எழுந்தார்.

“அது இப்பவும் அங்ஙனதான் நிக்குதா? அதே கேள்வியோட?”

மாற்றச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டிவரும் என்று அதையும் அவன் விட்டிருந்தான். “நிக்குது,” என்றான்.

“பெறகு எங்கிட்ட வந்து என்னடா பேச்சு? போயி அத மொதல்ல மாத்து. அந்த நாலு பேரு யாரு எவருன்னு பாரு.” சொல்லிவிட்டு, அவன் நிற்கும்போதே ஷட்டரை இறக்கினார்.

மறுநாள் காலையிலேயே அழகுராஜா ஆஸ்பத்திரிக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொன்னான். திரை இப்போது எதுவும் கேட்பதில்லை. அடுத்த பரிசோதனைத் தேதியை மட்டும் காட்டுகிறது. ‘வரமாட்டேன்’ என்றவர்கள் இருநூற்று அறுபத்து மூன்று பேர். நர்சு ஒருவர் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட, பக்கத்தில் உட்கார்ந்து அவன் குறித்துக்கொண்டான். பலர், இந்தப் போனுக்குத்தான் காத்திருந்தோம் என்றார்கள். சில வீடுகளில், யாரைக் கேட்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, இறந்த தேதியைச் சொன்னார்கள்.

இம்மானுவேலுக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தது. நான்காவது புத்தகத்துக்கு நேரே இருந்த இரண்டு வரி: ‘இதை நான் நாலு முறை படித்திருக்கிறேன். படித்தது போதவில்லை.’

உக்கிரபாண்டி இப்போது காலையில் கடை திறக்கிறார். அழகுராஜாவை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. சாயங்காலமானால் மட்டும் அவரிடமிருந்து போன் வரும்.

“இன்னைக்கு வாரேன்னவுக எம்புட்டுப் பேரு?”

“பதினொண்ணு மச்சான்.”

மற்றதை அவர் கேட்பதில்லை. போனை வைத்துவிடுவார்.