தவிர்க்கப்பட வேண்டும்

பூண்டையும் மண்ணெண்ணெயையும் சேர்த்து நசுக்கியது போன்ற அந்த நெடி, மூன்று நாளாகத் தோப்பைவிட்டுப் போகவில்லை. நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டு அது. உடுமலைப்பேட்டைக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் காவலுக்குக் குடியிருந்தோம். அப்பா தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போனால் திரும்ப இருபது நாளாகும். வீட்டில் அம்மா, நான், ஐந்து வயதுத் தங்கை கனகு, அவ்வளவுதான்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிய வாரத்தில் தோப்புக்காரரின் ஆட்கள் வந்து மரங்களுக்குப் பூச்சி கொல்லும் "வேர்மருந்து" கட்டினார்கள். மரத்தடியில் மண்ணைத் தோண்டி, இளவேரின் நுனியைச் சீவி, மருந்துப் பையை அதில் கட்டி மூடினார்கள். அந்த நெடி அதிலிருந்து வந்ததுதான். போகும்போது அம்மாவின் கையில் ஓர் அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எனக்கோ பள்ளியில் படிப்பதில் பெரிய பெயர். காலைப் பிரார்த்தனையில் செய்தித்தாள் வாசிப்பது நான்தான். ஓரிடத்திலும் தடுக்காமல் வாசிப்பேனே தவிர, வாசித்தது என்னவென்று பல நேரம் எனக்கே தெரியாது. பத்தியைப் படித்து விடை எழுதச் சொன்னால், கேள்வியில் இருக்கும் சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று விரலால் தேடி, அந்த வரியை அப்படியே இறக்கிவிடுவேன். மதிப்பெண் கிடைத்துவிடும். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"மருந்து செலுத்திய பின் நாற்பத்தைந்து நாட்களுக்கு இளநீர், தேங்காய் பறித்தல் தவிர்க்கப்பட வேண்டும்" என்று கணீரென்று வாசித்தேன்.

"என்ன செய்யோணுமாம் அம்மணி?" என்று அம்மா கேட்டாள்.

கடைசியில் "வேண்டும்" என்று இருந்ததல்லவா. "எளநீ பறிக்கோணுமாம்மா" என்றேன்.

கனகுவுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. வேப்பிலையில் படுத்துக் கிடந்தாள். "நல்லதாப் போச்சு. நாளைக்குப் பாப்பாளுக்கு ஒண்ணு பறிச்சுக் குடுக்கறேன்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை வகுப்பில், தேர்வுக்காகப் பத்திகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் ஏரியைப் பற்றிய பத்தி. பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் படகு விடுதல் தவிர்க்கப்பட வேண்டும் என்று அதில் ஒரு வரி. தமிழ் டீச்சர் என்னை எழுப்பிவிட்டுக் கேட்டார். வழக்கம்போல வரியை வாசித்தேன்.

"புத்தகத்த மூடு. இப்பச் சொல்லு, அந்த மாசத்துல படகு விடலாமா, கூடாதா?"

புத்தகம் மூடியதும் என் தலைக்குள் ஒன்றுமே இல்லை. "விடோணுங்க டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"தவிர்க்கறதுன்னா செய்யாம உடறது, கண்ணு."

அந்த ஒரு நொடியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. முதலில் காதில் சிரிப்புச் சத்தம் நின்றது; பிறகு அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய தாள் நினைவுக்கு வந்தது. அனுமதி கேட்கவில்லை, பையை எடுக்கவில்லை. டீச்சர் கூப்பிடக் கூப்பிட ஓடினேன். வாய்க்கால் மேட்டில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. கனகுவின் பெயரைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

வாசலில் சீவிய இளநீர்க் காய் ஒன்று காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

"பாப்பா குடிச்சுட்டாளா?"

"அவ வாயே வெக்கல. வீணாப் போகுதேன்னு நாந்தான் குடிச்சுப்போட்டேன். ஏன் இப்பிடி மூச்சு வாங்குது உனக்கு?"

நான் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கனகுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பக்கத்துத் தோப்பில் காய் ஏற்ற நின்றிருந்த டெம்போவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அம்மாவின் நெற்றியில் வேர்வை பொடித்தபடி இருந்தது. அது மருந்தாலா பயத்தாலா என்று தெரியாமல், அவள் கண்ணை மூடும்போதெல்லாம் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

டாக்டரம்மா தாளை வாங்கிப் படித்தார். "நல்லவேளை, உடனே வந்தீங்க. இதைப் படிச்சது யாரு?"

நான் அம்மாவின் பின்னால் நகர்ந்து நின்றேன்.

"எம்புள்ளதானுங்க. அவ ஓடியாந்து சொன்னதாலதான் வந்தோம்" என்றாள் அம்மா.

மறுநாள் காலைவரை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம்கூட அம்மா மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. இனி என்னை நம்பமாட்டாள் என்று நினைத்திருந்தேன். அவளோ அதை என் கையிலேயே கொடுத்து, "மெதுவாப் படி. புரியலீன்னா புரியலீன்னு சொல்லு, நாம யார்கிட்டயாச்சும் கேட்டுக்கலாம்" என்றாள்.

அந்தத் தோப்பு இன்று இல்லை. மனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். அம்மாவும் போய்விட்டாள். கனகுவுக்கு எதுவும் நினைவில்லை. நான் உக்கடம் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். யாராவது ஒரு பிள்ளை தடுக்காமல் கடகடவென்று வாசித்து முடித்து, மற்றவர்கள் கைதட்டும்போது, அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் பயமாக இருக்கிறது.