மலையூரில் அவர் காட்டாத இடம்

இத்தாலியில் ஒரு சின்ன மலையூர் எனக்கு மனப்பாடம். நான் அங்கே கால் வைத்ததில்லை. என் கணவர் ஒரு வயதான பெண்மணியைப் பராமரிக்கும் வேலைக்கு அங்கே போனதிலிருந்து, ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு போனில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்.

ஊருக்கு ஒரே வாசல்தான். கடல்வழியாக வந்த கொள்ளையருக்குப் பயந்து மலையுச்சிக்கு ஏறி மதில் கட்டியவர்களாம். பழங்காலக் கோயிலொன்றின் தூண்களை எடுத்து எழுப்பிய தேவாலயம், அதன் கோபுரம், சதுக்கத்தில் மழைநீர்க் கிணறு, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சந்து. எல்லாவற்றையும் வாத்தியார் மாதிரி விளக்குவார். சுனாமி அடித்துப்போன கரையிலேயே மறுபடி வீடு கட்டுகிற கல்முனைக்காரிக்கு இது எதற்கு என்று எரிச்சல் வரும்.

நான் கேட்டது அவர் படுக்கும் அறையை மட்டும்தான். அதைக் கேட்டவுடன் சிக்னல் போய்விடும், இல்லையென்றால் அந்த அம்மா கூப்பிட்டுவிடுவார். அங்கே இன்னொருத்தி இருக்கிறாளோ என்று நான் வெந்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அதற்காகத்தான் அவர் போனார். சுவர் இடுப்பளவில் நிற்கிறது. மேசனோடு மல்லுக்கட்டுவதும் மணல் இறக்குவதும் நான்தான். இவருக்கோ கோபுரம்.

ஒரு ஞாயிறு என் பொறுமை போய்விட்டது.

"கோபுரம் போதும். நீங்க படுக்கிற எடத்தக் காட்டுங்க. இல்லாட்டி இனி கோல் எடுக்காதீங்க" என்றேன்.

அவர் போனோடு படியிறங்கினார். அந்த அம்மாவின் வீட்டுக்கு அடியில், பாறையைக் குடைந்த நிலவறை. ஒரு யன்னல்கூட இல்லை. சுவரோரம் பெரிய மரப்பீப்பாய்கள். இடையில் மடக்குக் கட்டில், பக்கத்தில் விரித்தபடி முஸல்லா, அவர் தொழுகிற விரிப்பு.

"அந்தக் காலத்துல வைன் வெச்ச எடம் புள்ள. இப்ப வெறும் பீப்பாதான், ஆனா மணம் போகல்ல. இதுக்குள்ள நிண்டு தொழுறன் எண்டு ஒனக்கிட்ட எப்பிடிச் சொல்ற?"

இன்னொருத்திக்கென்று நான் சேர்த்துவைத்த கோபம் அப்படியே நின்றது. அதை யார்மேல் கொட்டுவது? ஊருக்கு வந்துவிடச் சொன்னேன். கூரை போட்டதும் வருவதாகச் சொன்னார். கூரைக்குப் பிறகு கதவு, தரை, பூச்சு எல்லாம் இருக்கிறது. அது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை மேசன் வந்து, மகளின் அறைக்கு யன்னல் இரண்டா மூன்றா என்று கேட்டார். பாவம், அந்த மனிதர்மேல் எரிந்து விழுந்தேன்.